பாட்டியின் தாயக்கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டர்வொர்த்_அம்மா எழுதியது:

வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு ஜோடிப் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. என் பாட்டி கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் வாங்கியது. பாட்டி போன பிறகு அம்மாவிடம் இருந்தது, இப்போது என்னிடம். ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்று பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். புள்ளிக் குழிகளில் கறுப்பு ஏறிப்போய், மூலைகள் மழுங்கி, கையில் எடுத்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். பாட்டி வெற்றிலைப் பெட்டியில்தான் போட்டு வைத்திருந்தார். இன்னும் அந்தப் பாக்கு வாசம் போகவில்லை.

இந்தத் தீபாவளிக்குச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வெளியே நல்ல மழை. அஞ்சடியில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்தில், சாக்பீஸால் கட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டோம். ஆட ஆட, தாயம் அதிகமாக விழுவது போல எல்லோருக்குமே தோன்றியது. தாய்மாமா, "இது ராசியான கட்டை, தாயத்துக்கென்றே வார்த்தது" என்றார். என் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கிறாள். அவள் சும்மா இருக்காமல் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, அதற்குப் பிறகு விழுந்த 80 வீச்சுகளைக் குறித்து வைத்தாள். 16 தாயம்.

அவள் போட்ட கணக்கு இது. ஒரு கட்டைக்கு நான்கு பக்கம், இரண்டு கட்டைக்கு 16 வகை. ஒன்றில் வெறுமையும் மற்றொன்றில் ஒரு புள்ளியும் விழுந்தால்தான் தாயம். அதற்கு இரண்டு வழி. ஆக 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. 80 வீச்சுக்குப் பத்து தாயம் வரவேண்டும், ஆறு கூடுதலாக வந்திருக்கிறது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், இந்த ஆறை வைத்துக் கட்டை கோணல் என்று சொல்லிவிடலாமா? கோணல் என்றே வைத்துக்கொண்டால், நான்கு பக்கமும் சமம் என்று போட்ட கணக்கு இனி எதற்கும் ஆகாதா? சமமில்லாத கட்டைக்கு நிகழ்தகவு என்று ஒன்று உண்டா? மகள் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. மாமாவுக்கு ஒரு ஆட்டத்தில் எட்டு முறை தொடர்ந்து தாயம் விழவில்லை. "இவ்வளவு நேரம் விழாதது இனி விழுந்தே தீரும்" என்றார். ஒன்பதாவதில் விழுந்தும்விட்டது! மகள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?

—

செந்தூல்_வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. இடைநிலைப்பள்ளியில் 27 ஆண்டு கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகள் நோட்டை எடுத்துக் குறித்தாள் என்று படித்தபோது மனம் நிறைந்துபோனது. பாதிக் கணிதம் அங்கேயே முடிந்துவிட்டது.

உங்கள் நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் அது. தேர்வுத் தாளில் மலாயில் 'டாடு அடில்' என்று போட்டிருப்பார்கள், நேர்மையான பகடை என்று பொருள். பிள்ளைகள் அந்த 'அடில்' என்ற சொல்லைத் தாண்டிக் குதித்து நேராக ஆறில் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். நாளடைவில் ஆறில் ஒன்று என்பதே நிகழ்தகவின் விதி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அது விதியே அல்ல. எல்லாப் பக்கமும் சமம் என்பது அந்தக் கட்டையைப் பற்றி நாம் வைக்கும் ஓர் அனுமானம், அவ்வளவுதான். விதி கேட்பதெல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும் என்பதுதான். கால், கால், கால், கால் என்றும் இருக்கலாம். 0.4, 0.3, 0.2, 0.1 என்றும் இருக்கலாம். கூட்டல், பெருக்கல் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். சமமான கட்டையில் வழிகளை எண்ணினால் போதும். கோணல் கட்டையில் ஒவ்வொரு வழிக்கும் அதன் எடையைப் போட்டுக் கூட்ட வேண்டும். வேலை கொஞ்சம் கூடும், முறை மாறாது.

அந்த எடையை எங்கே போய் வாங்குவது? யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வீசித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் 16. நேரான கட்டைகளாகவே இருந்தாலும் 80 வீச்சில் சரியாகப் பத்து விழாது. பத்தைச் சுற்றி மூன்று கூடக்குறைய ஆடிக்கொண்டே இருக்கும். 16-உம் அதற்கு மேலும் விழுவது நூறு தடவையில் மூன்று நான்கு தடவை நடக்கக்கூடியது. அபூர்வம்தான், ஆனால் நடக்கும். மகள் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறாள். தாயம் அதிகம் விழுகிறது என்று கண்ணில் பட்ட பிறகு விழுந்தவற்றை மட்டும் எண்ணினாள். சந்தேகத்தைக் கிளப்பிய வீச்சுகளையே சாட்சியாகவும் வைத்திருந்தால் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனாலும் 80 வீச்சு போதாது, எந்தக் கட்டை கோணல் என்றும் அது சொல்லாது. அதனால் புதிதாகத் தொடங்குங்கள்.

இரண்டு கட்டையையும் சேர்த்து வீசாதீர்கள். ஒன்றில் நகப்பூச்சால் சிறு பொட்டு வைத்து, தனித்தனியாக வீசுங்கள். கையில் உருட்டாமல் ஒரு டம்ளரில் குலுக்கிப் போடுவது நல்லது. எப்போதும் அதே தரை. எத்தனை வீச்சு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் விரும்பிய முடிவு தெரிந்ததும் நிறுத்தக்கூடாது. கட்டைக்கு 400 என்று வையுங்கள். நேரான கட்டையானால் பக்கத்துக்கு 100 வரவேண்டும், 83-இலிருந்து 117 வரை வந்தால் அதைச் சாதாரண ஆட்டம் என்று விட்டுவிடலாம். அதற்கு வெளியே போனால் பேசுவோம்.

400 அதிகம் என்று மகள் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ருடால்ஃப் வோல்ஃப் என்ற வானியலாளர் ஒரு ஜோடிப் பகடையை 20,000 முறை வீசிக் குறித்து வைத்தார். அதில் ஒரு பகடையில் ஆறு 3,932 முறை, நான்கு 2,841 முறை. சமமானால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,333 வந்திருக்க வேண்டும். அந்தப் பகடை முழுக் கனசதுரம் அல்ல, மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட நீளம் கொஞ்சம் அதிகம் என்பதை, பகடையைக் கண்ணால் பார்க்காமலே பின்னாளில் எட்வின் ஜேன்ஸ் என்ற இயற்பியலாளர் இந்த எண்களிலிருந்தே ஊகித்தார். 1894-இல் இங்கிலாந்தில் வெல்டன் என்ற உயிரியலாளர் 12 பகடைகளை ஒன்றாக 26,306 தடவை வீசிய கணக்கு ஒன்றும் உண்டு. ஐந்தும் ஆறும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வரவேண்டியது, 0.3377 வந்தது. புள்ளிகளைக் குழியாகக் குடைவதால் ஐந்தும் ஆறும் உள்ள பக்கம் ஒரு மயிரிழை இலேசாகி மேலே வருகிறது என்பார்கள். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900-இல் கை-ஸ்குவேர் சோதனையை, அதாவது விழுந்த எண்கள் எதிர்பார்த்த எண்களிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் முறையை, வெளியிட்டபோது எடுத்துக்காட்டாக வைத்தது இந்த எண்களைத்தான். அவ்வளவு சிறிய சாய்வை 80 வீச்சில் யாரும் பிடிக்க முடியாது.

உங்கள் மாமா விஷயம். மகள் சொல்வதுதான் சரி. கட்டைக்கு நினைவு கிடையாது. நேரான கட்டைக்கும் இல்லை, கோணல் கட்டைக்கும் இல்லை. எட்டு வீச்சில் ஒன்றுகூடத் தாயம் ஆகாமல் போக, நேரான கட்டையிலேயே 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஒன்பதாவது வீச்சுக்கும் அதே எட்டில் ஒன்றுதான். விழுந்தது, அவ்வளவே. ஆனால் இதை அவளிடம் கூடுதலாகச் சொல்லுங்கள்: கட்டைக்கு இல்லாத நினைவு நமக்கு இருக்கிறது. கட்டை எப்படிப்பட்டது என்று தெரியாதபோது, போன வீச்சுகள் அதைப் பற்றிய தகவல் ஆகின்றன. நூறு முறை வீசியும் தாயமே விழவில்லை என்றால், நேரான கட்டையில் அப்படி நடக்கப் பத்து இலட்சத்தில் இரண்டுகூட வாய்ப்பில்லை. அப்போது 'இனி விழுந்தே தீரும்' என்பதல்ல முடிவு. 'இந்தக் கட்டையில் தாயம் விழுவது அரிது போலிருக்கிறது' என்பதுதான். மாமா போன வழிக்கு நேர் எதிர் வழி அது.

—

பாயான்_லெப்பாஸ்_கியூசி எழுதியது:

அக்கா, வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேலே கணக்கில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் தரச் சோதனை பார்க்கிறவன், அதனால் எனக்கு முதலில் கை போவது கட்டையின் மேல்தான்.

வீட்டில் கண்ணாடி மேசை இருந்தால் அதன் மேல் கட்டையை ஒவ்வொரு பக்கமாக வையுங்கள். கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா? ஒரு நுனியை விரலால் மெல்லத் தொட்டால் ஆடுகிறதா? அந்தக் காலத்தில் பித்தளையை மண் அச்சில் வார்த்து அரத்தால் ராவி எடுப்பார்கள். நான்கு பக்கமும் ஒரே அளவாக வருவது ராவுகிறவர் கையைப் பொறுத்தது. அதன் மேல் இத்தனை வருஷத் தேய்மானம் வேறு. அடிப்பக்கம் உப்பியிருந்தால் கட்டை அதன் மேல் நிற்காமல் புரண்டுவிடும், அதற்கு எதிர்ப்பக்கம் மேலே வருவது குறையும்.

உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்லி யாராவது எழுதுவார்கள். அது பிளாஸ்டிக் பகடைக்கு நல்ல வழி. கனமான பக்கம் எப்போதும் கீழே போகும், கண்ணாலேயே பார்த்துவிடலாம். பித்தளை மூழ்கித்தான் போகும். கேசினோ பகடைகளைக் கண்ணாடி போலச் செய்து, குடைந்த குழியை அதே எடையுள்ள பொருளால் நிரப்பி, ஓரங்களைக் கூர்மையாக விடுவதெல்லாம் இந்தச் சாய்வுக்குப் பயந்துதான்.

கட்டை கோணல் என்றே தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். யார் முதலில் ஆடுவது என்று பார்க்க அதே கட்டையை நேர்மையாகப் பயன்படுத்தலாம். ஒருவர் இரண்டு முறை வீசட்டும். முதலில் வெறுமை, அடுத்து இரண்டு புள்ளி என்றால் உங்களுக்கு. முதலில் இரண்டு புள்ளி, அடுத்து வெறுமை என்றால் மாமாவுக்கு. வேறு எது விழுந்தாலும் இரண்டு வீச்சையும் கணக்கில் எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து. வெறுமை எவ்வளவு அதிகம் விழுந்தாலும் கவலையில்லை, இரண்டு வரிசைக்கும் பெருக்கிவரும் தொகை ஒன்றுதான். கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1951-இல் கோணல் நாணயத்துக்குச் சொன்ன வழி இது.

—

பிரிக்பீல்ட்ஸ்_பாட்டி எழுதியது:

எனக்கு வயது 71. பேரன் தட்டித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

எங்கள் லயத்தில் பித்தளைக் கட்டை ஏது? புளியங்கொட்டைதான். ஆறு கொட்டையை எடுத்துச் சிமெண்ட் திண்ணையில் தண்ணீர் தெளித்து ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்ப்போம். விரல் நுனி சிவந்துவிடும். ஒரே ஒரு வெள்ளை மேலே விழுந்தால் தாயம். தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுமா, அது கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் கொட்டைகளில் கறுப்புதான் அதிகம் மேலே விழும். பாதிக்குப் பாதி என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. யார் தேய்த்த கொட்டை எப்படி விழும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துவிடும்.

அதனால் சண்டையும் வந்ததில்லை. எல்லோருக்கும் அதே கொட்டைதானே. எனக்கு விழுகிற மாதிரிதான் அவளுக்கும் விழும். யாராவது தன் கொட்டையை மடியில் மறைத்து வைத்து நடுவில் மாற்றினால்தான் சண்டை. பாட்டி கட்டையைக் குறை சொல்லாதே அம்மா. எல்லோரும் அதே கட்டையைத்தானே போட்டீர்கள்.

—

செந்தூல்_வாத்தியார் எழுதியது:

அம்மையார் சொன்னதில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. வெள்ளையும் கறுப்பும் பாதிக்குப் பாதி என்றால், ஆறு கொட்டையில் ஒரே ஒரு வெள்ளை விழ 64-இல் 6, நூற்றுக்கு ஒன்பது. வெள்ளை விழும் வாய்ப்பு அரையிலிருந்து 0.4-க்குக் கொஞ்சம் இறங்கினால் போதும், தாயம் நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டிவிடும். இரு மடங்கு! ஆறு கொட்டையும் ஒரே பக்கம் சாய்வதால் சாய்வு பெருக்கிக்கொண்டே போகிறது. இரண்டு கட்டை ஆட்டத்தில் அப்படி ஆகுமா என்பதை உங்கள் எண்கள் வந்த பிறகு பார்ப்போம்.

—

பட்டர்வொர்த்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சனி ஞாயிறு ஆனது. நான் வீச, மகள் குறித்தாள். பிறகு அவள் வீச, நான் குறித்தேன். எவர்சில்வர் டம்ளரில் குலுக்கி, ஒரே பாயின் மேல் போட்டோம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பொட்டு வைக்காத கட்டை 400 வீச்சில்: வெறுமை 97, ஒன்று 104, இரண்டு 108, மூன்று 91. எல்லாம் வாத்தியார் சொன்ன எல்லைக்குள்.

பொட்டு வைத்த கட்டை 400 வீச்சில்: வெறுமை 128, ஒன்று 93, இரண்டு 71, மூன்று 108.

மகள் 128-ஐயும் 71-ஐயும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தம்பி சொன்னபடி கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்தோம். எங்கள் கட்டையில் வெறுமைக்கு எதிர்ப்பக்கம் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளியைக் கீழே வைத்தால் அசையாமல் உட்காருகிறது. வெறுமைப் பக்கத்தைக் கீழே வைத்து நுனியைத் தொட்டால் தொட்டில் போல ஆடுகிறது, இரண்டு ஓரத்திலும் நூல் அளவு வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பக்கம் நடுவில் உப்பி, ஓரம் தேய்ந்திருக்கிறது. புள்ளி இல்லாத பக்கம் என்பதால் பாட்டி அதன் மேல்தான் எப்போதும் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அதனால் ஆனதா, வார்த்தபோதே அப்படியா என்று சொல்ல முடியவில்லை. பிடித்துப் பார்த்தபோது எனக்கும் கட்டைவிரல் தானாக அங்கேதான் போனது.

அப்புறம்தான் மகள் கணக்குப் போட்டாள். பொட்டுக் கட்டையில் வெறுமை 0.32, ஒன்று 0.23. மற்றக் கட்டையில் எல்லாம் கால். தாயம் விழ, இங்கே ஒன்றும் அங்கே வெறுமையும், அல்லது இங்கே வெறுமையும் அங்கே ஒன்றும் விழ வேண்டும். கால் பெருக்கல் 0.23, கால் பெருக்கல் 0.32, இரண்டையும் கூட்டினால் 0.138. நேரான கட்டையில் 0.125. அதை 80-ஆல் பெருக்கினால் பதினொன்று.

பதினாறு இல்லை, பதினொன்று! நான் தப்பு என்று நினைத்து மூன்று முறை போடச் சொன்னேன். கட்டை கோணல்தான், ஆனால் தீபாவளியன்று விழுந்த ஆறு கூடுதல் தாயத்தில் ஒன்றுக்குத்தான் அந்தக் கோணல் காரணம். மீதி ஐந்தும் சும்மா விழுந்தவை. வெறுமை கூடியதைப் பக்கத்திலேயே ஒன்று குறைந்தது கொஞ்சம் தின்றுவிட்டது என்று அவள் விளக்கினாள். கட்டை உண்மையில் கூடுதலாகத் தருவது பன்னிரண்டைத்தான், அதாவது இரண்டு கட்டையிலும் வெறுமை விழுவதை: 0.0625-லிருந்து 0.08. அதை அன்று யாரும் கவனிக்கவே இல்லை.

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. "அப்போ ராசி பன்னிரண்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது நோட்டைக் காட்டச் சொன்னார்.

—

செந்தூல்_வாத்தியார் எழுதியது:

அருமை. கை-ஸ்குவேர் போட்டுப் பார்த்தேன்: பொட்டில்லாத கட்டைக்கு 1.70, பொட்டுக் கட்டைக்கு 17.38. நான்கு பக்கக் கட்டைக்கு 7.81-ஐத் தாண்டினாலே நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்பு, 11.34-ஐத் தாண்டினால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. உங்கள் பொட்டுக் கட்டை சாய்ந்ததுதான், சந்தேகம் வேண்டாம்.

ஒன்று மட்டும். அந்த 0.32 கல்வெட்டு அல்ல. 400 வீச்சு சொல்வது, உண்மையான எண் 0.27-க்கும் 0.37-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். இன்னும் நெருங்க வேண்டுமானால் இன்னும் வீச வேண்டும். அகலத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு வீச்சு, மொத்தம் 1,600.

—

பட்டர்வொர்த்_அம்மா எழுதியது:

1,600 என்று சொன்னதும் அவளே டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் ஐயா. இந்த முறை பொட்டுக் கட்டை மட்டும். இன்று காலை பள்ளிக்குப் போகும்வரை 60 வீச்சு ஆகியிருக்கிறது, வெறுமை 17. நேரான கட்டையானால் 15, எங்கள் 0.32 சரியானால் 19. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.